நாங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வரோம்

மேலாளருக்கு "நாமம்" என்று பெயர் வைத்தவர்கள் பேக்கிங் கூடத்துப் பெண்கள். அவர் நெற்றியில் எதுவும் கிடையாது; நெற்றியே தலை முழுக்கப் பரவிக் கிடந்தது, அவ்வளவுதான். பெயருக்குக் காரணம் அவருடைய வாய். அந்த வாயிலிருந்து "நான்" என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. எல்லாமே "நாம". "நாம இன்னைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிப்போம்" என்பார்; நிற்பது பெண்கள். "நாம குளிரைப் பொருட்படுத்தக் கூடாது" என்பார், ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "நாம இந்த வருஷம் புதுக் கம்பளிச் சட்டை கேக்க வேண்டாமே" என்று அவர் உருகியபோது அவர் மேல் இருந்த கம்பளிச் சட்டையில் கடை அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் அந்தச் சொல்லோடு ஒரு "ம்" சேர்த்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, செல்லப் பெயர்தான். நாமம் என்பது போடப்படுகிற பொருளும்கூட என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அது ஒரு மீன் குளிர்கிடங்கு. கப்பலில் வரும் மீனைக் கழுவி, வெட்டி, பெட்டியில் அடுக்கி, உறையவைத்து, வேறொரு கப்பலில் அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களிலேயே அதிகம் ஊர் சுற்றியது மீன்தான். கீழே நீளமான பேக்கிங் கூடம். கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்க உறைபதன அறைகளின் இரும்புக் கதவுகள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திர அறை. குளிரை உண்டாக்குவது அம்மோனியா. குழாய்க்குள் ஓடும்வரை அது சொன்ன பேச்சைக் கேட்கும். வெளியே வந்துவிட்டால் முதலில் கண்ணைக் கேட்கும், அப்புறம் மூச்சை.

மழைக்காலம் தொடங்கியபோது மூன்றாம் அறைப் பக்கம் ஒரு நெடி வர ஆரம்பித்தது. பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். கண் எரிகிறது என்றார்கள். நாமம் உடனே கூடத்துக்கு இறங்கி வந்து, ஒவ்வொருவர் தோளுக்கும் அருகே கையைக் கொண்டுபோய், படாமல் நிறுத்தி, "நாம இதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம்மா" என்றார். கட்டவும் கட்டினார். மறுவாரமே சுவர் நெடுக வெள்ளைப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் சற்றைக்கொருதரம் "புஸ்" என்று எலுமிச்சை மணத்தைப் பீய்ச்சியது. நெடி போய்விட்டது. அதாவது, நெடி இருந்தது. மூக்குக்குப் போய்ச் சேரவில்லை. பெண்கள் கைதட்டினார்கள்.

கைதட்டாத ஒருவர் இருந்தார். இயந்திர அறைப் பொறுப்பாளர், பொறியாளர், ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. இவருக்கும் பெயர் வைத்திருந்தார்கள்: இடியம்மா. சாதாரணமாக "தண்ணி இருக்கா" என்று அவர் கேட்டாலே பக்கத்து மேசையில் தம்ளர் ஆடும். யாருடைய குழந்தை என்ன படிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னதில்லை. கதவுக்கு முன்னால் பெட்டி அடுக்கியிருந்தால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார். பிறகு அன்றைக்கு முழுக்க அந்தக் கூடத்தில் மீனைத் தவிர யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

அவர் வெள்ளைப் பெட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீடு எரியறப்ப ஊதுவத்தி ஏத்தின மாதிரி இருக்கு" என்றார். பெண்கள் சிரித்தார்கள். பெட்டியைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து.

மாடியில், மேலாளர் அறைக்குப் பக்கத்தில், பிளைவுட் சுவர் ஒன்று தடுத்த சின்ன அறையில் மைக்காரர் இருந்தார். அறைக்கு முற்றத்துப் பக்கம் ஒரு ஜன்னல், கீழே கூடத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி. ஷிஃப்ட் மணி அடிப்பது, ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வது, மேலாளர் கூடத்தில் பேசும்போது காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது, இவைதான் வேலை. முன்னொரு காலத்தில் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டியவர். எந்தப் பேச்சாளர் குரலிலும் பேசிக்காட்டுவார். நாமம் அலுவலகத்துக்கு வராத நாட்களில் அவர் குரலிலேயே "நாம எல்லாரும் உற்சாகமா ஆரம்பிப்போம்" என்று சொல்வதும் இவர் வேலைதான். மேலாளரே கேட்டுக்கொண்ட ஏற்பாடு. மேலாளரைவிட இவர் மூத்தவர். ஆனாலும் மேலாளர் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். மைக்காரர் அதற்கும் "சொல்லுங்க சார்" என்பார். தைரியம் என்பது அவர் குரலில் இருந்தது, உடம்பில் இறங்கவில்லை.

அவர் மனைவி கீழே கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்றாம் அறைக்கு எதிரே இருந்த வரிசைக்கு அவள்தான் தலைவி.

சாயங்காலம் வீட்டில் வெந்நீரில் விரல்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிரில் மரத்த விரல்கள் திரும்பி வர நேரம் எடுக்கும்.

"இன்னைக்கும் நெடி அடிச்சுதா?" என்றார் மைக்காரர்.

"எலுமிச்சைதான் அடிச்சுது. தலை வலிக்கிற அளவுக்கு."

"அதுக்கு அடியில?"

"அடியில எல்லாம் மோந்து பாக்கறதுக்கு நான் என்ன பூனையா?"

"இடியம்மா சொல்றாங்க, அந்தக் குழாய்..."

"அவங்க என்னிக்குங்க நல்லது சொல்லியிருக்காங்க? அன்னைக்கு என்னைப் பாத்து என்ன சொன்னாங்க தெரியுமா? 'கதவை மறைச்சுப் பெட்டி அடுக்கு, சாகறப்ப ஏறிப் போக வசதியா இருக்கும்'னு. விடிஞ்சும் விடியாம பேசற பேச்சா இது? நம்ம மேலாளரைப் பாருங்க. பாப்பா காய்ச்சலா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வந்து நின்னாரே!"

"போட்டோக்காரரோட வந்தாரு."

"வந்தாரா இல்லியா?"

"வந்தாரு. கம்பெனி இதழ் அட்டையில பாப்பாவைவிட அவர்தான் பெருசா இருந்தாரு. இடியம்மாவுந்தான் வந்தாங்க."

"வந்தாங்க. வந்து நர்ஸைப் பிடிச்சுக் கத்தினாங்க. வார்டே முழிச்சுக்கிச்சு."

"கத்தினதுக்கப்புறம்தானே ஜன்னல் பக்கம் கட்டில் கொடுத்தாங்க?"

அவள் வெந்நீரில் விரலை மடக்கிப் பார்த்தாள். "கட்டில் கெடைச்சுது. அதுக்காக அவங்களை யாராவது விரும்ப முடியுமா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையாளர்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து நாமம் கண்ணாடி முன்னால் சிரித்துப் பழக ஆரம்பித்தார். வந்து பார்த்துப் பிடித்துவிட்டால் அவரை மேலே கூப்பிட்டுக்கொள்வார்களாம். அந்த வாரத்தில்தான் இடியம்மா அவர் அறைக்கு ஏறி வந்தார். பிளைவுட் சுவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தாலும் இடியம்மாவின் குரலுக்கு அது போதாது.

"மூணாம் அறைக்குப் போற குழாய், வளைவுல அரிச்சுப் போச்சு. கை வெச்சா துரு உதிருது. அறையை நிறுத்தணும். குழாயை மாத்தணும்."

"நாம பார்த்துக்கலாம்மா."

"யாரு?"

"நாமதான்."

"அந்த 'நாம'ல யாரு ஸ்பானரைப் பிடிக்கறது? பேரைச் சொல்லுங்க."

"நாம ஒரு குடும்பம்மா. குடும்பத்துல யாரு எவருன்னு பிரிச்சுப் பாக்கறதில்ல."

"குடும்பத்துலதான் சார் கேஸை யாரு அணைச்சதுன்னு பேர் சொல்லிக் கேப்பாங்க. 'நாம அணைச்சோம்'னு சொல்லிட்டு எவனும் தூங்க மாட்டான்."

நாமம் சிரித்தார். கண்ணாடியில் பழகிய சிரிப்பு. சத்தம் மட்டும் சுவர் தாண்டி வந்தது. "உங்க திறமையை நாம மறுக்கல. ஆனா ஒரு தலைவிக்கு இனிமை வேணும். நாம வந்தா ஜனங்க முகம் மலரணும். நீங்க வந்தா கதவைப் பாக்கறாங்க."

"அதைத்தான் பாக்கச் சொல்றேன்."

"பார்வையாளர்கள் வந்துட்டுப் போகட்டும். அப்புறம்..."

"அவங்க வர்ற தேதி குழாய்க்குத் தெரியாது. என்ன ஆனாலும் நான் பொறுப்புன்னு மேல சொல்லிக்கங்க. அறையை மட்டும் நிறுத்த விடுங்க."

"பொறுப்பு நம்ம எல்லாருக்கும்தான்மா."

"அப்ப ஒருத்தருக்கும் இல்ல" என்றார் இடியம்மா. கதவு சாத்தப்பட்ட வேகத்தில் மைக்காரர் பக்கத்துச் சுவரில் காலண்டர் கழன்று விழுந்தது.

பார்வையாளர்கள் வந்த நாளில் வெள்ளைப் பெட்டிகள் இரண்டு மடங்காகியிருந்தன. கூடமே ஒரு பெரிய எலுமிச்சைக்குள் இருப்பதுபோல இருந்தது. மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த வெள்ளை அங்கிகளில் மடிப்புக்கூடக் கலையவில்லை. மைக்காரர் தன் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது. மேலாளரின் கார் எப்போதும் சுவரைப் பார்த்து நிற்கும். வந்த வேகத்தில் அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிடுவார். இன்றைக்குத் திருப்பி, மூக்கு வெளிவாசலைப் பார்க்க நின்றது. டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகளுக்கான மரியாதை போலிருக்கிறது என்று மைக்காரர் நினைத்துக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினார்.

கீழே நாமம் மைக்கைப் பிடித்தார். "நாம வெறும் மீனை அடுக்கல. நாம நம்பிக்கையை அடுக்கறோம்." பெண்கள் கைதட்டினார்கள். கையுறையில் தட்டியதால் ஈரத்துணியை அடிக்கும் சத்தம் வந்தது. "முன்னால நிக்கறவன் தலைவன் இல்ல. கூட நிக்கறவன்தான் தலைவன். நாம எப்பவும் கூடவே நிப்போம்." வந்தவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார்.

அப்போது இயந்திர அறை ஆள் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்து மேலாளர் காதில் ஏதோ சொன்னார். மைக் அணைக்கப்படவில்லை. ஹெட்ஃபோனில் மைக்காரருக்கு இரண்டு சொல் கேட்டது: "அந்த வளைவு". நாமத்தின் முகத்தில் சிரிப்பு இடம் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த முகம்தான் மாறியது. பிறகு அவர் மைக்கை வாய்க்கருகே கொண்டுவந்து, அதே இனிமையோடு சொன்னார்:

"சரி. நாங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வரோம். நீங்க வேலையைப் பாருங்க."

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மைக்காரர் மட்டும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். இத்தனை காலமும் அந்த மனிதரின் வாக்கியங்களைச் சுமந்தவர் அவர். நாமமோ குடிக்கும் தண்ணீரைக்கூட "நாம தண்ணி குடிக்கலாமா" என்று கேட்டுவிட்டுத் தானே குடிக்கிறவர். பல்வலியைக்கூட "நமக்குப் பல்லு வலிக்குது" என்றவர். அவர் வாயிலிருந்து முதல்முறையாக "நாங்க" வந்திருக்கிறது. கேட்பவர்கள் சேர்த்தி இல்லாத "நாங்க". பின்னாலேயே "நீங்க". நடுவில் கோடு கிழித்தாகிவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வாசலைப் பார்த்து நிற்கும் காரும் மூன்று விருந்தாளிகளும் அவரும். இந்தப் பக்கம் மூன்றாம் அறையும், அதற்கு எதிரே மைக்காரரின் மனைவியும்.

கீழே இடியம்மா கூடத்துக்குள் வந்துவிட்டிருந்தார். கழுத்தில் முகமூடி தொங்கியது. "எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வெளிய போங்க! ஓடாதீங்க, போங்க!"

யாரும் அசையவில்லை. "இடி வந்திருச்சு, குடையை எடுங்கடி" என்றாள் ஒருத்தி. சிரிப்பு. மைக்காரரின் மனைவி மட்டும் சிரிக்காமல், தணிந்த குரலில், "அம்மா, பெரியவங்க வந்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள் கத்தாதீங்களேன். அவரே சொல்லிட்டுத்தானே போனாரு, வேலையைப் பாருங்கன்னு?" என்றாள்.

மைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இடியம்மா கத்தினால் இவர்கள் போக மாட்டார்கள். தன் குரலில் சொன்னாலும் மைக்காரருக்கு என்ன வந்தது என்பார்கள். அவர்கள் கேட்பது ஒரே ஒரு குரலைத்தான். அவர் பொத்தானை அழுத்தித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நாம இப்ப எல்லாரும் வெளிய போறோம்மா" என்றது ஒலிபெருக்கி, தேன் ஒழுக. "நம்ம விருந்தாளிங்க பாக்கறாங்க. நாம அழகா, வரிசையா, இடதுபக்கக் கதவு வழியா முற்றத்துக்குப் போவோம். யாரும் எதையும் எடுக்க வேண்டாம்."

முகங்கள் மலர்ந்தன. ஓ, இது வேடிக்கை காட்டுவதற்கு! கத்தியை வைத்தார்கள், வரிசை பிடித்தார்கள், ஒருத்தி தலையைச் சரிசெய்துகொண்டாள். மைக்காரரின் மனைவி கடைசியில் நின்று எல்லோரையும் அனுப்பிவிட்டு வெளியே வந்தாள். இடியம்மா முகமூடியை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்.

முற்றத்தில் அவர்கள் வரிசை கலையாமல் நின்றபோது உள்ளே பழைய துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. கூடத்துக் கண்ணாடிகள் உட்பக்கமாக வெள்ளையாயின. கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. வெள்ளைப் பெட்டிகள் மட்டும் உள்ளே "புஸ், புஸ்" என்று கடமையைச் செய்துகொண்டிருந்தன. பிறகு இடியம்மா வெளியே வந்தார். வால்வை மூடியிருந்தார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு; இடது கையில் கையுறை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் அவர் முதலில் கேட்டது, "வரிசையில யாராவது குறையுதா?"

நாமம் வாசலுக்கு வெளியே, காருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். காற்று தன் பக்கம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தார். நேரே பார்வையாளர்களிடம் திரும்பி, "பாத்தீங்களா? ஆபத்துன்னு வந்தா நாம எப்படி நடந்துக்கறோம்! மைக்ல ஒரு வார்த்தை சொன்னோம், அவ்வளவுதான்" என்றார். மூன்று பேரும் கைதட்டினார்கள். அவர்கள் கையில் கையுறை இல்லாததால் சத்தம் நன்றாகவே வந்தது.

விருந்தாளிகள் போய்ச் சில நாள் கழித்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை நடந்தது. மூன்றாம் அறை மீன் முழுக்கப் பாழ். அனுமதி இல்லாமல் குளிரூட்டலை நிறுத்தியது யார்? இடியம்மா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்" என்றார்; சாத்திய கதவைத் தாண்டி அது கீழே கூடம் வரை கேட்டது. மேலாளர் குரலில் மைக்கில் பேசியது யார் ஏற்பாடு?

மைக்காரர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அதில் குரல் இல்லை.

"நான்தான் பேசச் சொன்னேன்" என்றார் இடியம்மா. அது பொய். அவர் சொல்லி யாரும் கேட்ட ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"பாத்தீங்களா, எதுக்கெடுத்தாலும் நான், நான்" என்று நாமம் வருத்தத்தோடு தலையசைத்தார். "இந்த 'நான்'தாம்மா உங்ககிட்ட பிரச்சினையே."

இடியம்மாவை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து வழக்கம்போலக் கத்திவிட்டுத்தான் போனார். "குழாயை மாத்தல! ஒட்டுப் போட்டுப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. பச்சைக் கலர். நல்லா இருக்கு, போய்ப் பாருங்க!" யாரும் குடையைப் பற்றிப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் மைக்காரரின் மனைவி வெந்நீரில் கை வைக்கவில்லை. "அது உங்க குரல்தானே?" என்றாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஆரம்பிக்கறதுக்கு முன்னால கனைச்சீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்கற கனைப்பு. அப்புறம், 'இடதுபக்கக் கதவு'ன்னீங்க. அவருக்குக் கதவு எங்க இருக்குன்னே தெரியாது. அவர் கதவைத் தவிர." சோற்றுப் பானையை இறக்கினாள். "அந்தம்மா 'நான்'னு சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"ம்" என்றாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மைக்காரர் அதுவரை எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறார். அந்த ஒற்றை எழுத்துதான் தொண்டையில் நின்றது.

அதன்பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலையில் வேலைக்கு வரும் பெண்கள் முற்றத்துக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார்கள். மேலாளரின் காரைப் பார்த்தார்கள். மூக்கு சுவர்ப்பக்கம் இருந்தால் உள்ளே போனார்கள். "வண்டி எந்தப் பக்கம்டி?" என்று பின்னால் வருகிறவள் கேட்பாள். "சுவத்துக்கு முட்டுக் கொடுத்துட்டு நிக்குது, வா" என்பாள் முன்னால் போகிறவள். இயந்திர அறையில் எத்தனையோ முட்கள் ஆடும் கருவிகள் இருந்தன. அவற்றைப் பார்த்து முடிவெடுக்க ஆள் இல்லை. பொறுப்பாளர் இடத்தை நிரப்பாமல், "நாமளே பார்த்துக்கலாம்" என்று நாமம் சொல்லிவிட்டார். நிறுவனத்தில் நம்பத்தகுந்த ஒரே கருவி அந்தக் கார்தான்.

நாமத்துக்கு மேலே போகும் உத்தரவும் வந்தது. பாதுகாப்பில் காட்டிய முன்னுதாரணத்துக்காக என்று போட்டிருந்தார்கள். போவதற்குள் மூன்றாம் அறையை நிறைத்துக் காட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

விடுமுறைக்கு அடுத்த காலை. கூடத்தில் யாரும் இல்லை. இயந்திர அறையில் மட்டும் இரண்டு ஆட்கள். மைக்காரர் சீக்கிரமே வந்திருந்தார். ஜன்னலைத் திறந்துவைத்தும் எலுமிச்சை மணம் அடித்தது. இன்றைக்கு அதற்கு அடியில் மோந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை. மணத்தின் ஓரம் ஊசிபோலக் குத்தியது. பிளைவுட் சுவருக்கு அந்தப் பக்கம் தொலைபேசி அடித்தது. "சரி... சரி... பிரஷர் எவ்வளவு ஏறியிருக்கு? ... வளைவுலயா? ... நாம பதற வேண்டாம்" என்ற குரல் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது. இழுப்பறைகள் திறந்து மூடின. கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்த மீசைச் சீப்பைக்கூட எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. விழுந்து, பொறுக்கியெடுக்கும் சத்தம் வந்தது.

நாமம் மைக்காரர் அறைக்குள் தலையை நீட்டினார். கக்கத்தில் பை.

"தம்பி, ஹெட் ஆபீஸ்ல அவசரமாக் கூப்பிடறாங்க. பொம்பளைங்க வந்துட்டிருக்காங்க. வழக்கம்போல மைக்ல சொல்லிருங்க, நம்ம குரல்லயே. நாம உற்சாகமா ஆரம்பிப்போம்னு. மூணாம் அறை லோடு இன்னைக்குப் போகணும்."

"சார், நெடி..."

"ஒண்ணும் ஆகாது. ஆகற மாதிரி இருந்தா நாம சொல்ல மாட்டோமா?" தோளுக்கு அருகே கையைக் கொண்டுவந்தார், படாமல் எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒன்றும் ஆகாது என்று உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையைத் தூரத்திலிருந்து வைத்திருக்க விரும்பினார், அவ்வளவே.

படியில் அவர் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கியது. மைக்காரர் ஜன்னலுக்குப் போனார். கீழே முற்றத்தில் கார் திரும்பிக்கொண்டிருந்தது. மூக்கு சுவரை விட்டு விலகி, மெல்ல, வாசலைப் பார்க்க வந்து நின்றது. வாசலுக்கு வெளியே பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். அவர்களும் அதைப் பார்த்தார்கள். கார் ஹார்ன் அடித்தது. அவர்கள் பிரிந்து வழிவிட்டார்கள். நாமம் கண்ணாடியை இறக்கி எல்லோருக்கும் கை கூப்பிவிட்டுப் போனார்.

பெண்கள் உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. எல்லாத் தலைகளும் மேலே ஒலிபெருக்கியைப் பார்த்தன. மைக்காரரின் மனைவி முன்னால் நின்றாள். நாமத்தின் குரல் "வாங்கம்மா" என்று சொன்னால் பாதிப்பேராவது வந்துவிடுவார்கள், பழக்கம் அப்படிப்பட்டது. அது மைக்காரருக்குத் தெரியும். அந்தக் குரலிலேயே "போங்கம்மா" என்று சொல்லலாம், போன தடவை போல. அப்புறம் அதையும் நாமம் தன் கணக்கில் போட்டுக்கொள்வார், இன்னொரு படி ஏறுவார், இன்னொரு பச்சைப் பெயின்ட் அடிப்பார்கள்.

கண் எரிந்து நீர் வழிந்தது. கனைத்துக்கொள்ளப் பார்த்தார், இருமல்தான் வந்தது. பொத்தானை அழுத்தினார்.

"நான்" என்றது ஒலிபெருக்கி. கரகரப்பான, யாரும் அதிகம் கேட்டிராத குரல். "நான் மைக்காரன் பேசறேன். என் குரல் இது. யாரும் உள்ள வராதீங்க. குழாய் போகப்போகுது. மிஷின் ரூம்ல இருக்கற ரெண்டு பேரும் பின்கதவு வழியா இப்பவே வெளிய வாங்க. மேலாளர் வேலைக்குக் கூப்பிடச் சொன்னாரு. நான் கூப்பிடல. அன்னைக்கு மைக்ல பேசினதும் நான்தான். யாரும் சொல்லிப் பேசல."

இருமல் அவரை மேசைமேல் மடக்கியது. நிமிர்ந்தபோது கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவது தெரிந்தது. வாசலில் பெண்கள் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவரையொருவர் பிடித்தபடி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முந்தானையைத் தூக்கிப் பார்த்தபடி. முன்னால் இருந்தவள் மட்டும் அப்படியே நின்றாள். பிறகு முந்தானையை வாயில் சுற்றிக்கொண்டு முற்றத்துக்குள் நடக்க ஆரம்பித்தாள்.

"உள்ள வராதன்னு சொன்னேன்ல!" என்று மைக்காரர் கத்தினார். இடியம்மாவின் சத்தம் எப்படியோ அவர் தொண்டைக்கு வந்திருந்தது, ஒலிபெருக்கி அதிர்ந்தது. "நீயுந்தான்டி! உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

அவள் நிற்கவில்லை. அண்ணாந்து ஏதோ சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது, கேட்கவில்லை. "இறங்கி வாங்க" என்றிருக்கலாம்.

மைக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். படிக்கதவைத் திறந்தார். படியின் அடியில் வெள்ளையாக எதுவோ ஏறி வந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த பெட்டி, நேரம் தவறாமல், "புஸ்" என்றது.